கேள்வியோடு வருபவருக்கு எழுதுவது

கோயம்புத்தூரில் பொருள் செய்பவர்களுக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. செய்த பொருளைப் பற்றி நாலு வார்த்தை தெளிவாகச் சொல்பவர்களுக்குத்தான் பஞ்சம். ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் பீளமேட்டிலும் வார்ப்படச் சாலைகளையும் கடைசல் பட்டறைகளையும் நடத்திவரும் முதலாளிகள், தட்டினால் எழும் ஓசையைக் கொண்டே வார்ப்பின் குணத்தைச் சொல்லிவிடக்கூடியவர்கள். ஆனால் அவர்களிடம் ஒருவர் வந்து, இத்தனை பேர் பம்பு செய்யும் ஊரில் உங்கள் பம்பை நான் ஏன் வாங்கவேண்டும் என்று கேட்டால், "வாங்கிப் போட்டுப் பாருங்க, அதுவே சொல்லுமுங்க" என்பதற்கு மேல் ஒரு வாக்கியம் அவர்கள் வாயிலிருந்து வருவது அரிது. இந்தச் சங்கோஜத்தை நான் குறையாக எண்ணியதில்லை. பொருளை எதிரே வைத்து, தொட்டுப் பார்த்து, தெரிந்தவர் சொல்லக் கேட்டு வாங்கிய காலத்தில் அது போதுமானதாகவே இருந்தது. வாங்குபவர் விற்பவரின் முகத்தையும் காணாமல், பொருளையும் காணாமல், கையிலுள்ள சிறு திரையைப் பார்த்து முடிவு செய்யும் காலம் வந்தபோதுதான், அந்த மௌனத்தை எழுத்தாக மாற்றித் தருகிற ஒரு தொழிலுக்கு இந்த ஊரில் இடம் உண்டாயிற்று. இணையதளங்களுக்கு எழுதுவது என் ஜீவனம். ஊரார் இதைக் 'கன்டென்ட் எழுதறது' என்பார்கள்.

நான் இத்தொழிலுக்கு வந்தது அச்சகத்தின் வழியாக. பம்பு கேட்லாக்குகளும், கிரைண்டர் உத்தரவாத அட்டைகளும், ஜவுளிக்கடைத் துண்டுப் பிரசுரங்களும், கல்யாணப் பத்திரிகைகளும் ஓய்வின்றி வந்து குவிந்த ஒரு மேஜையில் பிழை திருத்துபவனாக அமர்ந்து கற்ற பாடங்களே எனக்குப் பின்னால் முதலாக அமைந்தன. ஒரு குதிரைத்திறனுக்கும் ஒன்றரைக் குதிரைத்திறனுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு பின்ன எண்ணில் இருக்கிறது என்பதையும், அந்த எண் அச்சில் விடுபட்டுப் போனால் எங்கோ ஒரு தோட்டத்தில் ஒருவருடைய பணம் வீணாகும் என்பதையும் அங்கேதான் உணர்ந்தேன். ஆனால் கேட்லாக்குக்கும் இணையப் பக்கத்திற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கேட்லாக்கை வாங்குபவரின் கையில் கொடுக்கும் கடைக்காரர், பக்கத்தில் நின்று, அதில் இல்லாததை வாயால் நிரப்பிவிடுவார். இணையப் பக்கத்தின் பக்கத்தில் அப்படி நிற்க யாரும் இல்லை. கடைக்காரர் வாயால் சொன்னவை அனைத்தையும் எழுத்தே சொல்லியாக வேண்டும். அதுவும், கேட்கும் ஆளின் முகம் பாராமலே அவருக்கு எது விளங்கவில்லை என்பதை ஊகித்துச் சொல்லியாக வேண்டும்.

அக்காலத்துத் தமிழ் இணையப் பக்கங்களின் நிலையை இன்றைய இளைஞர்கள் கற்பனை செய்வதுகூடக் கடினம். 1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலானோரின் முயற்சியால் தமிழ் எழுத்து இணையத்தில் ஏறிவிட்டது; 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துருக் குறியீட்டிற்கும் ஒரு நியதி வகுக்க முயன்றது; யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டின் முதற் பதிப்பிலேயே, 1991-இல், தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. இத்தனை இருந்தும், அச்சகத்திற்கு அச்சகம், பத்திரிகைக்குப் பத்திரிகை வெவ்வேறு எழுத்துருக்களைப் பிரயோகித்தமையால், பாமினியில் எழுதியது வானவில்லில் விளங்காது. ஒருவர் கணினியில் நல்ல தமிழாக இருந்தது இன்னொருவர் கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் காட்சியளிக்கும். இந்த இடையூறுக்கு அஞ்சிய ஸ்தாபனங்கள், தமிழ் வாசகத்தைப் படமாக எடுத்து ஒட்டிவிட்டன. கண்ணுக்கு அது தமிழ்தான். ஆனால் தேடுபொறிக்கு அது வெறும் படம். பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது வெறும் படம். எத்தனை சிரத்தையோடு எழுதினாலும் எவரும் தேடிக் கண்டடைய முடியாத எழுத்தாக அது கிடந்தது.

2010 ஜூன் மாதம் 23 முதல் 27 வரை எங்கள் ஊரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, கொடிசியா வளாகத்தில் தமிழ் இணைய மாநாடும் உடன் நடந்தது. அலங்கார ஊர்திகளையும் ஆய்வரங்குகளையும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் தொழிலில் உள்ளவர்கள் நினைவில் வைக்கவேண்டியது, யூனிகோடையும் அதனோடு டேஸ்-16 என்ற மாற்றுக் குறியீட்டையும் நியதியாக ஏற்று அந்த ஜூன் மாதத்தில் தமிழக அரசு பிறப்பித்த ஆணையை. அதன் பிறகு, எந்த எழுத்துருவில் கொடுப்பது என்ற வழக்கு எங்கள் மேஜைகளில் படிப்படியாக அடங்கி, என்ன எழுதிக் கொடுப்பது என்ற பிரதானமான கேள்விக்கு நேரம் கிடைத்தது.

அந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது பம்புகளிடமிருந்து. கோவைக்குப் பம்புத் தொழில் வந்த வரலாறு தெரிந்ததே: 1930-களில் பைக்காரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கியது, 1937-இல் ஜி. டி. நாயுடுவும் து. பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டார் ஒன்றை இங்கேயே செய்து காட்டினார்கள். மழை குறைந்த இந்தக் கொங்கு மேட்டில் கிணற்றை நம்பியே வெள்ளாமை செய்த குடியானவர்கள், கமலையை விட்டு மோட்டாருக்கு மாறினார்கள். கிணறு வற்றிய பின் ஆழ்குழாய் வந்தது. அதுவும் முந்நூறு அடியில் தொடங்கி இன்று ஆயிரம் அடியைத் தாண்டிச் செல்கிறது. இப்படிப்பட்ட ஆழத்தில் இறக்கும் பம்பைப் பற்றி எழுதும்படி ஒரு நிறுவனம் என்னைக் கேட்டபோது, அவர்கள் தந்த குறிப்புத்தாளில் அசல் விஷயங்கள் யாவும் இருந்தன: குதிரைத்திறன், ஸ்டேஜ் எண்ணிக்கை, ஹெட், டிஸ்சார்ஜ், பம்பின் விட்டம், கேபிளின் கனம். என்ஜினீயர் ஒருவருக்கு அது சம்பூர்ணமான பக்கம். தோட்டத்துக்காரருக்கு அது மூடிய கதவு.

நான் செய்தது இவ்வளவே: அந்த நிறுவனத்தின் பம்புகளை விற்கும் ஒரு கடையில், முதலாளியின் அனுமதியோடு, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வருபவர்கள் கேட்பதைக் கேட்டபடியே எழுதிக்கொண்டேன். ஹெட் எவ்வளவு என்று எவரும் கேட்கவில்லை. "ஏனுங்க, எண்ணூறு அடி போருங்க, அறுநூத்தி அம்பதுல தண்ணி நிக்குது, எத்தனை ஹெச்பி போட்டாச் சரியா வருமுங்க?" என்றார் ஒருவர். "இருக்கற மோட்டார் மூணு தடவை காயில் கட்டியாச்சுங்க, புதுசே வாங்கிப்போடலாமுங்களா?" என்றார் இன்னொருவர். "ராத்திரி கரண்ட்டுல வோல்டேஜ் எறங்கிப்போகுது, அதுக்குத் தாங்குமுங்களா?" என்றும், "கம்ப்ரசரை எடுத்துட்டு இதைப் போட்டா, ஊத்துத் தண்ணி நின்னு நின்னு வருதே, பம்பு என்னாகுமுங்க?" என்றும் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு பக்கத்தின் தலைப்பு. எழுத்தாளன் அறையில் உட்கார்ந்து, நெற்றியைத் தடவி, எத்தனை யோசித்தாலும் இந்தத் தலைப்புகள் அவனுக்குத் தோன்றமாட்டா.

பிறகு விடைகளுக்காகத் தொழிற்கூடத்திற்குச் சென்றேன். பம்புகளைச் சோதனைத் தொட்டியில் ஓட்டிப் பார்க்கும் மூத்த தொழிலாளி ஒருவர், எந்தப் புத்தகமும் எனக்குக் கற்பிக்காத பொறுமையோடு கற்பித்தார். நொடிக்கு ஒரு லிட்டர் நீரை ஆயிரம் அடி உயரத்திற்குத் தூக்க, தத்துவப்படி ஏறக்குறைய 4 குதிரைத்திறன் வேண்டும். பம்பிலும் மோட்டாரிலும் குழாயிலும் விரயமாவதையெல்லாம் சேர்த்தால் நடைமுறையில் அதைப்போல் இருமடங்கு ஆகும். ஆகவே பத்துக் குதிரைத்திறன் மோட்டாரைப் போட்டுவிட்டு, பக்கத்துத் தோட்டத்தில் இருநூறு அடியிலிருந்து வரும் தண்ணீரை எதிர்பார்ப்பது நியாயமன்று. குதிரைத்திறன் பெரிதாக இருந்தால் தண்ணீர் அதிகம் வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் துளையின் ஊற்று எவ்வளவு சுரக்கிறதோ அதற்கு மேல் இறைத்தால், நீர்மட்டம் பம்புக்குக் கீழே இறங்கி, நீரால் குளிர்விக்கப்பட வேண்டிய மோட்டார் வறட்டில் ஓடிக் காயில் கருகும். வோல்டேஜ் இறங்கினால், அதே வேலையைச் செய்ய மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அந்தச் சூடுதான் காயிலுக்குச் சத்துரு. இவற்றையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, கடையில் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் தனக்குரிய விடையோடு போய்ப் பொருந்திக்கொண்டன.

அந்தப் பக்கங்களை நான் இப்படி அமைத்தேன்: மேலே, தோட்டத்துக்காரர் கேட்டபடியே கேள்வி, உடனே அடுத்த வரியில் விடை, அதற்குக் கீழே, விடை ஏன் அப்படி என்பதற்கான காரணம், அதற்கும் கீழே, நிறுவனம் கொடுத்த அட்டவணை. மேலும், பம்பு வாங்குமுன் அளந்து வைத்துக்கொள்ள வேண்டியவற்றையும் எழுதினேன்: துளையின் விட்டம், வீட்டுத் துளை நாலரை அங்குலமா, தோட்டத்துத் துளை ஆறரை அங்குலமா என்பது, மொத்த ஆழம், தண்ணீர் நிற்கும் மட்டம், இறைக்கத் தொடங்கினால் அது எவ்வளவு இறங்குகிறது என்பது, துளையிலிருந்து தொட்டிக்கு உள்ள தூரமும் ஏற்றமும். இந்த விவரங்களைச் சொன்னால் விற்பனை குறையும், சிலர் சின்ன மோட்டாரே போதும் என்று போய்விடுவார்கள் என்று நிறுவனத்தில் ஒருவர் ஆட்சேபித்தார். அந்த ஆட்சேபத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வியாபாரிக்கு லாபம் வேண்டும். ஆனால் பெரிய மோட்டாரை வாங்கி எரித்துக்கொண்டவர், அதை ஊரெல்லாம் சொல்லுவார். சரியான மோட்டாரை வாங்கியவர், தம் பங்காளிக்கும் மைத்துனனுக்கும் அந்தக் கடையையே காட்டுவார். பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கங்களில் வியாபாரம் இன்றும் இப்படித்தான் பரவுகிறது. முதலாளி அந்தப் பக்கங்களை அப்படியே வெளியிட இசைந்தார். பிறகு கடைக்கு வந்தவர்கள், தொலைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தம் போரின் அளவுகளைத் தாமே சொல்லத் தொடங்கினார்கள் என்று கடைக்காரர் சொன்னபோது எனக்கு உண்டான திருப்தி, கூலியைவிடப் பெரியது.

இணையத்தில் மனிதர் எப்படி வாசிக்கிறார் என்பதைப் பற்றி வெளிநாட்டு அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். ஜேக்கப் நீல்சன் என்பவர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்தவர்களில் நூற்றுக்கு 79 பேர் புதுப் பக்கத்தை மேலோட்டமாகக் கண்ணோட்டிச் செல்பவர்களே என்றும், 16 பேர் மட்டுமே சொல்லுக்குச் சொல் படித்தார்கள் என்றும் கண்டார். ஒரே விஷயத்தைப் பாதிச் சொற்களில் எழுதியபோது அதன் உபயோகம் 58 சதவீதம் உயர்ந்தது. சுருக்கம், கண்ணுக்கு எளிதான பகுப்பு, புகழ்ச்சியற்ற நடை ஆகிய மூன்றையும் சேர்த்தபோது 124 சதவீதம் உயர்ந்தது. 2006-இல் கண்ணின் ஓட்டத்தைக் கருவியால் அளந்தபோது, வாசகர் முதல் வரிகளைக் குறுக்காகப் படித்துவிட்டு, பின் பக்கத்தின் இடது விளிம்பைப் பற்றிக்கொண்டே கீழிறங்குவது தெரியவந்தது. அந்த மூன்றில் புகழ்ச்சியை நீக்குவதே மிகக் கடினமானது என்பது என் அபிப்பிராயம்; சுருக்குவதற்கு முதலாளிகள் சம்மதிப்பார்கள், 'உலகத்தரம் வாய்ந்த' என்பதை எடுப்பதற்குச் சம்மதிக்கமாட்டார்கள்.

ஆனால் இவை ஆங்கில வாசகரை வைத்துக் கண்டவை. தமிழுக்கு வரும்போது வேறொரு சிரமம் எழுகிறது. நம் வாக்கியத்தின் இயல்பு, நிபந்தனைகளையும் காரணங்களையும் முன்னே நிறுத்தி, கருத்தின் முடிவை வினைமுற்றில் கொண்டுபோய் வைப்பது. இந்தக் கட்டுரையில் நான் எழுதுவது போன்ற நீண்ட வாக்கியங்களில் எனக்கு உள்ள பிரியம் அந்த இயல்பால் வந்தது. அமர்ந்து படிப்பவருக்கு முடிவை நோக்கிச் செல்லும் அந்தப் பிரயாணம் ஓர் இன்பம். இடது விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்குபவருக்கோ, முடிவு கண்ணிலேயே படாது. 'மின்சார அழுத்தம் அளவுக்குக் கீழே குறையும் சமயங்களில் மோட்டாரின் பாதுகாப்பைக் கருதித் தானாகவே நின்றுவிடும் அமைப்பைக் கொண்டது' என்று கேட்லாக்கில் எழுதிய நான், இணையத்தில் 'குறைந்த வோல்டேஜில் தானே நின்றுவிடும்' என்று எழுதலானேன். வாசகர் தேடிவந்த பெயர்ச்சொல் வரியின் தலையில் நிற்கவேண்டும்; வினை அதற்கு மிக அருகில் இருக்கவேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கைத்தொலைபேசித் திரையில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்களே கொள்ளும். தேடல் முடிவுகளில் காட்டப்படும் தலைப்பு பாதியில் அறுந்துவிடும். அறுபடுமுன் விஷயம் வந்துவிட வேண்டும் என்று தலைப்பைத் திருப்பித் திருப்பி எழுதிப் பார்க்கும் வேலையில், வெண்பாவுக்குத் தளை பார்க்கும் சிரமத்தில் பாதியாவது உண்டு.

கிரைண்டரைப் பற்றியும் சொல்லவேண்டும். 1955-இல் பி. சபாபதி என்பவர் மின்சாரத்தால் சுழலும் ஆட்டுக்கல்லைச் செய்தது முதல், நாடெங்கும் தமிழர் வீட்டுக் காலைப் பலகாரத்தின் வேலைச் சுமை மாறிப்போயிற்று; ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லுக்கும் இந்த ஊர்க் கைத்திறனுக்கும் மதிப்பளித்து, 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்னும் பெயருக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. இத்தனை பெருமையுடைய பொருளுக்கு நான் பார்த்த பக்கங்கள் அனைத்தும் ஒரே வாசகத்தால் ஆனவை: அதிநவீனம், அழகிய வடிவம், நீடித்த உழைப்பு. இந்த மூன்றையும் சலவை எந்திரத்திற்கும் சொல்லலாம், சைக்கிளுக்கும் சொல்லலாம். மாவாட்டும் பெண்மணிகளிடம் கேட்டால், அவர்கள் வேறு உலகத்தைத் திறந்து காட்டுகிறார்கள். கல்லைத் தூக்கிக் கழுவ எத்தனை கனம். முதுகுவலி உள்ளவர் தூக்கலாமா. உளுந்து எத்தனை நேரத்தில் பொங்கி வரும். விடியற்காலையில் போட்டால் தொட்டிலில் இருக்கும் குழந்தை விழித்துக்கொள்ளுமா. அரைக்கிலோ அரிசிக்கும் ஆகுமா, கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டு வீணாகுமா. மிக்ஸியின் அதிவேகம் மாவைச் சூடாக்கும், கல்லின் நிதானமான சுழற்சி சூடாக்காது, ஆகவே மாவு நன்றாகப் புளித்து இட்லி மெத்தென்று வரும் என்ற ஒரு காரணத்தைத் தெளிவாக எழுதினால், 'உலகத்தரம்' என்று நூறு முறை எழுதுவதைவிட வாசகர் அதிக நேரம் அந்தப் பக்கத்தில் நிற்கிறார். மனத்தைக் கவரும் எழுத்து என்று இத்தொழிலில் பெரிதாகப் பேசுகிறார்கள். என் அனுபவத்தில், மனத்தைக் கவர்ந்தது என்றும் இப்படிப்பட்ட ஒரு மெய்யான காரணமே.

இடையில் ஒரு கெட்ட காலமும் வந்து போயிற்று. தேடுபொறியில் முதலில் வரவேண்டும் என்ற ஆசையால், ஒரே சொற்றொடரை ஒரு பக்கத்தில் பத்து இருபது முறை திணிக்கும்படியும், ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி, திருப்பூருக்கு ஒன்று, ஈரோட்டுக்கு ஒன்று, கரூருக்கு ஒன்று, நாமக்கல்லுக்கு ஒன்று என்று ஒரே பக்கத்தை அச்சு வார்ப்பது போல வார்க்கும்படியும், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகச் சொற்களை ஒளிக்கும்படியும் எழுதுபவர்கள் நிர்ப்பந்திக்கப்பட்டார்கள். சொல்லுக்கு இத்தனை பைசா என்ற கூலிக்காக, படிப்பவர் எவரையும் மனத்தில் எண்ணாமல், எழுத்தால் இடத்தை அடைக்கும் அந்த வேலை, மொழி தெரிந்த பல இளைஞர்களின் கையைக் கெடுத்துவிட்டது. 2011 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் பாண்டா என்னும் மாற்றத்தைக் கொண்டுவந்து, சாரமற்ற பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியது. அதனால் எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் வாசகருக்காக எழுதுவதும் தேடுபொறிக்காக எழுதுவதும் வெவ்வேறு காரியங்கள் என்று வாதித்தவர்களின் வாயை அது ஓரளவு அடைத்தது.

ஈரோட்டு மஞ்சளுக்கு எழுதுவது இதற்கு நேர்மாறான அனுபவம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மஞ்சளை வாங்க வரும் வெளிநாட்டார், கொங்குநாட்டின் மண்வளத்தைப் பற்றிய வர்ணனையைப் படிக்க வருவதில்லை, விரலியா, கிழங்கா, ஈரப்பதம் எவ்வளவு, குர்குமின் எத்தனை சதவீதம், நிறத்திற்காக ஈயக் குரோமேட்டு கலக்கவில்லை என்பதற்குப் பரிசோதனைச் சான்று உண்டா என்பவற்றையே தேடுகிறார்கள். அங்கே எழுத்தாளனின் கலை, தன்னை மறைத்துக்கொண்டு சான்றிதழை முன்னே வைப்பதுதான்.

வைத்தியத்தைப் பற்றிய பக்கங்களில் நான் மிகுந்த அச்சத்தோடு எழுதுகிறேன். நள்ளிரவில் நோயாளியின் பக்கத்தில் அமர்ந்து தேடுகிற ஒருவர் அதைப் படிக்கிறார் என்ற எண்ணம் எப்போதும் இருக்கவேண்டும். அவசர எண் மேலே இருக்கவேண்டும். எந்தக் குறிகள் கண்டால் வீட்டில் காத்திராமல் புறப்படவேண்டும் என்பது அதற்கு அடுத்து. மருத்துவமனைக் கட்டடத்தின் பெருமை கடைசியில். சர்க்கரை வியாதியைப் பூரணமாகக் குணப்படுத்துவதாக எழுதித் தரும்படி ஒரு சிகிச்சை நிலையத்தார் கேட்டபோது நான் மறுத்தேன். அப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே ஒரு மத்தியச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. அதில் நீரிழிவும் அடங்கும். சட்டம் இல்லாவிட்டாலும் மறுத்திருப்பேன்.

நாங்கள் புதிதாக ஒன்றைச் செய்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. தெரிந்துகொள்ள வருபவருக்குத் தெளிவாகத் தமிழில் எழுதும் வழக்கம் இந்த மண்ணில் முன்பே இருந்தது. பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் ஜி. ஆர். தாமோதரன் கோவையிலிருந்து நடத்திய 'கலைக்கதிர்' மாத இதழ், விஞ்ஞானத்தைச் சாமானியரின் தமிழில் சொல்லிவந்தது. திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனைப் பிரதம ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை தமிழ்க் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. தூரனும் மொடக்குறிச்சிப் பக்கத்தவர், பெரியநாயக்கன்பாளையத்து ராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். அந்தத் தொகுதிகளை இன்று இணையத்திலேயே படிக்கலாம். இணையப் பக்கம் எழுதப் பழகுபவர்கள், ஆங்கிலத்தில் வந்த வழிகாட்டி நூல்களைப் புரட்டுமுன், அந்தக் கலைக்களஞ்சியத்தில் தமக்குத் தெரியாத ஒரு பொருளைப் பற்றிய கட்டுரையைப் படித்துப் பார்க்கவேண்டும் என்பேன். களஞ்சியத்தை எவரும் முதற்பக்கத்திலிருந்து படிப்பதில்லை; தமக்கு வேண்டிய இடத்தில் திறக்கிறார்கள்; ஆகவே ஒவ்வொரு கட்டுரையும் முன்கதை வேண்டாமல் தானே நிற்கவேண்டும், தான் எதைப் பற்றியது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடவேண்டும். தேடுபொறி வழியாக வீட்டின் நடுக்கூடத்தில் வந்து நிற்கும் வாசகருக்கு எழுதுபவனுக்கும் அதே விதிதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 'அக்ரிடெக்' என்ற பெயரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடத்திவரும் இணையதளத்தையும் இதே வரிசையில் வைக்கிறேன். பயிரைச் சொல்லி, பூச்சியைச் சொல்லி, இலையில் என்ன குறி தெரியும் என்று சொல்லிப்போகும் அந்த அமைப்பு, வயலில் நிற்பவரின் பார்வையிலிருந்து பிறந்தது.

2016-க்குப் பிறகு கைத்தொலைபேசியில் இணையம் மலிவாகி, மறு வருஷத்தில் கூகுளில் தமிழில் வாயால் பேசியே தேடும் வசதியும் வந்தபோது, எழுதத் தயங்கியவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். பேசிக் கேட்பவர் ஒரு முழு வாக்கியத்தைக் கேட்கிறார். அதுவும் தம் ஊர்ப் பேச்சில் கேட்கிறார். கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதிக்கொண்ட அதே கேள்விகள் இப்போது தேடல் பதிவுகளில் வந்து விழுகின்றன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின், கணப்பொழுதில் பக்கம் பக்கமாக எழுதித் தரும் இயந்திரங்களும் சேர்ந்துகொண்டன. என்னோடு பணி செய்பவர்கள் அவற்றை உபயோகிக்கிறார்கள், நான் தடுப்பதில்லை. வாக்கியங்களைச் சீர்ப்படுத்துவதிலும், நீண்டதைச் சுருக்குவதிலும் அவை உதவுகின்றன. ஆனால் அன்னூர்ப் பக்கத்தில் இந்த வருஷம் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, புதிதாக வந்த ஸ்டார்ட்டரில் எந்தப் பித்தானை அழுத்தினால் குழப்பம் உண்டாகிறது, சோமனூர் விசைத்தறிக்காரர் ஏன் அந்த மோட்டாரைத் திருப்பி அனுப்பினார் என்பவற்றை யாராவது நேரில் போய்க் கேட்டு எழுதினால்தான் அவை எழுத்துலகிற்குள் வரும். அந்த நேரில் போகும் வேலைக்குக் கூலி கொடுக்க மனமுள்ள முதலாளிகள் இன்னும் சொற்பம். அதை மாற்றுவதற்காகவே நான் இப்போது அதிகம் பேசுகிறேன்.

என்னிடம் புதிதாகச் சேருகிறவர்களை முதலில் கணினிக்கு முன் உட்காரவைப்பதில்லை. மாசி பங்குனியில் சேர்ந்தால் பம்புக் கடைக்கு அனுப்புகிறேன். அப்போதுதான் நீர்மட்டம் இறங்கத் தொடங்கி, கேள்விகள் குவியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி ஆடியில் சேர்ந்தால், விதைக்கடைக்கும் சொட்டுநீர்க் குழாய் விற்கும் இடத்திற்கும் அனுப்புகிறேன். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் கேள்வி மாறிவிடுகிறது: இடி மின்னலில் பேனல் போர்டு போய்விட்டது, சேற்றுத் தண்ணீர் வருகிறது, மோட்டாரை மேலே தூக்கலாமா என்பார்கள். சென்ற கோடையில் எழுதிய பக்கத்தை அந்தச் சமயத்தில் எடுத்து, முதல் பத்தியை மாற்றி எழுதவேண்டும். விலையும் மாடலும் மாறியிருக்கும், அவற்றையும் திருத்தவேண்டும். விற்பனை நின்றுபோன மோட்டாரின் பக்கத்தை அழித்துவிடாமல், அதை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவருக்கு உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்பதைச் சேர்க்கவேண்டும். இந்த வருஷத்து ஐப்பசிக்கான திருத்தங்களை எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே தொடங்கிவிட்டார்கள். பேனல் போர்டைப் பற்றிய பக்கம் மட்டும், ஒண்டிப்புதூரிலுள்ள ஓர் எலக்ட்ரீஷியன் பார்த்துச் சரி சொல்வதற்காகக் காத்திருக்கிறது.